வாசல் காக்கும் பழைய கம்ப்யூட்டர்

பொம்மனஹள்ளியில் கார்மெண்ட் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஒண்டுக்குடித்தன வாழ்க்கை அவர்களுக்குப் புதிதல்ல. ஆறு குடித்தனம் இருந்தாலும் கதவு எண் ஒன்றுதான். தபால்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர் பிரித்துக் கொடுப்பார்.

இன்டர்நெட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. வெளி உலகுக்கு ஒரே முகவரி, வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனித்தனி முகவரிகள். உலகுக்கென வகுத்த பழைய முறை முகவரிகள் சுமார் 430 கோடிதான். அவற்றின் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே பங்கிட்டுக்கொள்வது அவசியமாயிற்று.

பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்றில் வெளி லைன். மற்றதில் சுவிட்ச் வழியாக வீட்டுக் கருவிகள். இயக்குவதற்கு லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதில் மட்டுமே உள்ளே வரவேண்டும். கேளாமல் வருவதை வாசலிலேயே திருப்ப வேண்டும். இந்த விதியை எழுத மறந்தால் காவலன் தூங்கியதற்குச் சமம்.

செலவே இல்லையா? உண்டு. 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். மின் கட்டணம் உறுத்தினால் சிறிய ரௌட்டர் பெட்டியே மேல். அவற்றில் பலவற்றினுள்ளும் ஓடுவது லினக்ஸ்தான்!

2020இல் பள்ளிகள் மூடியபோது பாடம் வீட்டுக்கே வந்தது. ஒரே இணைப்பில் அண்ணனும் தங்கையும் படிக்க வேண்டியிருந்தது. வாசல் ஒன்றானாலும் காவல் சரியாக இருந்தால் எல்லோருக்கும் வழி உண்டு.