பம்புசெட் அதிர்விலிருந்து மின்சாரம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

பாளையங்கோட்டை வட்டாரத்தில் கால்வாய்த் தண்ணீர் எட்டாத வயல்களுக்குக் கிணறும் பம்புசெட்டுமே துணை. அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் இரவும் பகலும் இரைந்துகொண்டிருப்பதை விவசாயிகள் கேட்டிருப்பார்கள். அதனுள் சுழலும் பாகம் எதுவுமில்லை. பிறகு ஏன் இரைகிறது? அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையின் அடிப்படை இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

காந்தமானால் இரும்பு நீளும்

டிரான்ஸ்பார்மருக்குள் சிலிக்கான் கலந்த எஃகுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது இவை காந்தமாகின்றன. காந்தமாகும்போது இரும்பின் நீளம் இம்மியளவு மாறுகிறது. இங்கிலாந்து விஞ்ஞானி ஜூல் 1842-ல் இதைக் கண்டறிந்தார். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுற்றி வருவது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தகடு நீண்டு சுருங்குவதால் விநாடிக்கு 100 அதிர்வு உண்டாகிறது. அந்த இரைச்சலுக்கு இதுவே முக்கிய காரணம்.

இதன் மறுபக்கத்தை இத்தாலி நாட்டு வில்லாரி 1865-ல் எடுத்துக்காட்டினார். இத்தகைய உலோகத்தை அழுத்தினாலும் இழுத்தாலும் அதன் காந்த நிலை மாறும். சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள் இருந்தால், காந்தம் கூடிக் குறையும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் காந்தம் சுழல்கிறது. இங்கே உலோகம் நெளிகிறது. அவ்வளவே வித்தியாசம்.

புதிய உலோகக் கலவைகள்

ஒரு மீட்டர் நீள இரும்பில் ஏற்படும் மாற்றம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். 1970-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டெர்பியம், டிஸ்புரோசியம், இரும்பு ஆகியவை சேர்ந்த 'டெர்பெனால்-டி' உருவாயிற்று. இது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் நீளும். ஆனால் எளிதில் நொறுங்கும், விலையும் அதிகம். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அபூர்வ மண் உலோகங்கள் உண்டு என்றாலும், இந்த இரண்டும் அதில் மிகச் சொற்பமே.

பின்னர் வந்தது இரும்பும் காலியமும் கலந்த 'கால்பெனால்'. இது அத்தனை நீளாது. ஆனால் வளைத்தாலும் சட்டென்று உடையாது. ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தில் இதைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சிறு கருவிகள் செய்யப்பட்டுள்ளன. பட்டையின் ஒரு முனையை எந்திரத்தில் பொருத்தி, மறுமுனையை ஆடவிடுவதே முறை. ஊஞ்சலைத் தருணம் பார்த்துத் தள்ளினால்தான் உயரே போகும். அதுபோல எந்திரத்தின் அதிர்வோடு பட்டையின் ஆட்டமும் ஒத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் என்றால், அது விநாடிக்கு 24 முறை.

எவ்வளவு கிடைக்கும்?

5 குதிரைசக்தி மோட்டாருக்கு ஏறத்தாழ 3,730 வாட் வேண்டும். அதிர்விலிருந்து ஒரு சிறு கருவி 10 மில்லிவாட் தருவதாக வைத்துக்கொள்வோம். மோட்டாரை ஓட்ட இத்தகைய கருவிகள் 3 லட்சத்து 73 ஆயிரம் தேவைப்படும். ஒரு மணி நேரம் சேமித்தால் ஒரு வாட் விளக்கு 36 விநாடி எரியும். ஆகவே, அதிர்வை வைத்தே பம்பை ஓட்டலாம் என்று சொல்லி யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

சொற்ப மின்சாரமானாலும் அதற்கும் வேலை உண்டு. பேரிங் தேய்கிறதா, மோட்டார் சூடாகிறதா என்று அவ்வப்போது பார்த்துச் செய்தி அனுப்பும் சிறு காவல் கருவிக்கு இது போதும். பேட்டரி மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் லாபம்.

அதிர்வு ஒரு எச்சரிக்கை

பம்புசெட்டின் அதிர்வு சும்மா வருவதல்ல. மின்சாரமோ டீசலோ தரும் சக்தியில் ஒரு பகுதி தண்ணீர் இறைக்காமல் ஆட்டத்தில் வீணாகிறது. அதிலிருந்து மின்சாரம் எடுப்பதைவிட அதிர்வைக் குறைப்பதே சிறு விவசாயிக்கு லாபம். அதிர்வு கூடினால் மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. அடித்தளப் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா?

2. மோட்டார் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா?

3. பேரிங் தேய்ந்துள்ளதா? கிரீஸ் இருக்கிறதா?

4. உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறதா? புட்வால்வு அடைபட்டுள்ளதா?

டிரான்ஸ்பார்மரின் இரைச்சல் வழக்கத்தைவிடக் கூடினால் அருகில் போகக் கூடாது. அளவுக்கு மீறிய பாரம், உள்ளே தளர்வு போன்றவை காரணமாக இருக்கலாம். உடனே மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிசான நெல் கதிர்விடும் சமயத்தில் மோட்டார் எரிந்து நின்றால் வரும் நஷ்டம், ஒரு போல்ட்டை முறுக்கும் சிரமத்தைவிடப் பன்மடங்கு பெரியது.