இடமில்லை என்று திரும்பிய கட்டுரை

வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கப்பல்கள் எடுத்த காந்த அளவீடுகள் 1961இல் வரைபடமாக வெளிவந்தன. கடலடி முழுக்க வரிக்குதிரை உடம்பைப் போலப் பட்டை பட்டையாக இருந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

லாரன்ஸ் மோர்லிக்குப் பிடிபட்டது. கனடாவின் அரசுப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர் அவர். நடுக்கடல் மலைத்தொடரில் மேலெழும் பாறைக்குழம்பு இறுகும்போது அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொண்டு இருபுறமும் விலகுகிறது; பூமியின் காந்த வடக்கும் தெற்கும் அவ்வப்போது இடம் மாறுவதால் பட்டைகள் உண்டாகின்றன என்றார். 1963 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். இடமில்லை என்று திரும்பி வந்தது.

அடுத்து அமெரிக்காவின் ‘ஜர்னல் ஆஃப் ஜியோபிசிக்கல் ரிசர்ச்’. 1896இல் லூயி பாயர் புவிக்காந்தத்துக்கென்றே தொடங்கிய இதழின் வழிவந்தது அது. இந்தக் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான வீடு ஏது? ஆனால் பெயர் வெளியிடாத மதிப்பீட்டாளர், விருந்தில் பேசிக்கொள்ளத்தான் இது லாயக்கு என்று எழுதிவிட்டார். ஆசிரியர் குழு அதையே ஏற்றது.

அந்தச் செப்டம்பர் 7ஆம் தேதி, ‘நேச்சர்’ இதழிலேயே அதே கருத்து வந்தது. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ். அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் எடுத்த அளவீடுகளிலிருந்து தாங்களாகவே அங்கு வந்து சேர்ந்தார்கள்.

மதிப்பீட்டாளர் தருவது ஆலோசனை. முடிவு ஆசிரியருடையது. கடலடி விரிகிறது என்பதையே பலர் அன்று நம்பவில்லை, உண்மைதான். ஆனாலும் மோர்லியின் கருத்து சோதித்துப் பார்க்கக்கூடியது: மலைத்தொடரின் இருபுறமும் பட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். அப்படியே இருப்பதை 1966இல் ‘எல்டானின்’ கப்பலின் பசிபிக் அளவீடுகள் காட்டின. சரியா தவறா என்று ஆசிரியர் முன்கூட்டி அறிய வேண்டியதில்லை. சோதிக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது பிழை என்றே நான் சொல்வேன்.

2001இல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘அட்மாஸ்ஃபெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் ஃபிசிக்ஸ்’ இதழ், மதிப்பீட்டாளர் கருத்துகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. விருந்துப் பேச்சு என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது அங்கே எளிதல்ல.

மோர்லி 2013இல் காலமானார். அந்தக் கருதுகோளை இன்று வைன்–மேத்யூஸ்–மோர்லி என்று மூவர் பெயராலும் அழைக்கிறார்கள்.