ஐபோன் நாயகனின் அப்பா வளர்த்த பாடம்... இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏன் தேய்கிறது?

ஐபோனின் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் ஜோனி ஐவ். இவரின் அப்பா மைக்கேல் ஐவ், வெள்ளி வேலை தெரிந்த கைவினைஞர். கல்லூரியில் பாடம் நடத்தியவர். மகனுக்கு அவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு என்ன தெரியுமா? கல்லூரிப் பட்டறையில் ஒரு நாள்! மகன் ஆசைப்பட்டதைச் செய்ய அப்பா உதவுவார். ஒரே ஒரு நிபந்தனை, செய்யப்போவதை முதலில் கையால் வரைந்து காட்ட வேண்டும்.

பின்னாளில் பள்ளி ஆய்வாளரான மைக்கேல், இதே வழிமுறையை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்க உழைத்தவர்களில் ஒருவர். அந்தப் பாடத்தின் பெயர், 'டிசைன் அண்ட் டெக்னாலஜி'.

எல்லோருக்கும் ஒரே பட்டறை

அதற்கு முன்பு பல பள்ளிகளில் பையன்களுக்கு மரவேலை, உலோக வேலை. பெண்களுக்குச் சமையல், தையல் என்று பிரித்துவைத்திருந்தார்கள். 1990-ல் தேசியப் பாடத்திட்டத்தில் டிசைன் அண்ட் டெக்னாலஜி நுழைந்ததும் அந்தக் கோடு அழிந்தது. மரம், உலோகம், பிளாஸ்டிக், துணி, மின்சுற்று, சமையல் என எல்லாமே எல்லோருக்கும்.

பாதி மதிப்பெண் கைவேலைக்கு

16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ தேர்வில், இந்தப் பாடத்துக்குப் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வில் வரும். மீதிப் பாதி, மாணவரே செய்யும் புராஜெக்ட்டுக்கு. தேர்வு வாரியம் பொதுவான ஒரு சூழலை மட்டும்தான் சொல்லும். உதாரணமாக, 'முதியவர்களின் அன்றாட வாழ்க்கை' என்று வந்தால், மாணவர் தன் பாட்டியிடம் போய்ப் பேசலாம். மூட்டுவலியால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்பது தெரியவரும். அதற்கு ஒரு கருவியை வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, பாட்டியிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். கை வழுக்கினால் பிடியை மாற்றி, மறுபடி செய்ய வேண்டும். ஏன் மாற்றினோம் என்று விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் முயற்சி சொதப்பினால் தோல்வி இல்லை. அதுவும் பாடத்தில் ஒரு பகுதி!

பிறகு ஏன் சரிவு?

2004-ல், 14 வயதுக்கு மேல் இந்தப் பாடம் கட்டாயமில்லை என்றானது. 2010-ல் பள்ளிகளை எடைபோட 'இங்கிலீஷ் பேக்கலாரியேட்' என்ற அளவுகோல் வந்தது. அதில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வேற்றுமொழி, வரலாறு அல்லது புவியியல் மட்டுமே கணக்கு. பட்டறைப் பாடத்துக்கு இடமில்லை. பள்ளிகளும் கணக்கில் வரும் பாடங்களின் பக்கம் சாய்ந்தன.

இன்னொரு பக்கம் செலவு. மரம், அக்ரிலிக் ஷீட் எல்லாம் தொடர்ந்து வாங்க வேண்டும். இயந்திரங்களைப் பராமரிக்க வேண்டும். ஆசிரியர்களும் போதவில்லை. 2009-க்குப் பிந்தைய பத்தாண்டில், இந்தப் பாடத்தில் ஜி.சி.எஸ்.இ எழுதும் மாணவர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

2025 நவம்பரில், அந்த அளவுகோலைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால், அளவுகோலை ஓர் அறிவிப்பில் நீக்கிவிடலாம். மூடிய பட்டறையைத் திறக்கவும், ரம்பம் பிடிக்கச் சொல்லித்தரும் ஆசிரியரை உருவாக்கவும் பல வருடங்கள் ஆகும்.

பட்டறை இருக்கும் அப்பா எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைப்பதில்லை. பள்ளிதான் அவர்களுக்கு அந்தப் பரிசைத் தர முடியும்!