தவளையும் ஆமையும்

விலங்கியல் வகுப்பிலே, மெழுகுத் தட்டில் தவளையைக் கிடத்தி ஊசிகளாற் பொருத்தி வெட்டிப் பார்த்தோர் நம்முட் பலர். அன்று அதன் மூவறை இதயத்தைக் கண்டோம், படமும் வரைந்தோம். தோலையோ, விலக்கவேண்டிய போர்வையென்றே கருதினோம். தவளையின் வாழ்வும் சாவும் அத்தோலிலேயே தங்கியிருத்தலை அன்று நாம் எண்ணினோமல்லோம்.

தவளை ஈரூடகவாழி, ஆமை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. நீரிலும் நிலத்திலும் வாழ்வது ஈரூடகவாழி என்று மனனஞ் செய்த மாணவன், முதலையும் கடலாமையும் நீரில் வாழக் கண்டு மயங்குவான். வாழுமிடங் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. முட்டையைப் பார்த்தல் வேண்டும்.

தரையிலே திரியும் தவளையும் இனம்பெருக்கக் குளத்தையோ வயலையோ நாடுகிறது. அதன் முட்டைக்கு ஓடில்லை. வழுவழுப்பான கூழே காவல். வெயில் பட்டால் உலர்ந்து அழியும். பெண் கடலாமையோ கடலிலே வாழ்ந்தும், முட்டையிடக் கரைக்கே ஏறிவருகிறது. தென்னிலங்கையின் ரெக்காவக் கடற்கரையில் இரவு வேளையில் இக்காட்சியைக் காணலாம். மணலிற் புதைந்த அம்முட்டையுள் ஒரு சிறு குளமே அடங்கியுளது. அமினியன் என்னுஞ் சவ்வு நீர் நிறைந்த பையாகிக் கருவைச் சூழ்கிறது, மஞ்சட்கரு உணவாகிறது, அலந்தோயி என்னும் பை கழிவை ஏற்றுக்கொள்கிறது, ஓடு காக்கிறது. அம்முட்டை நீரில் மூழ்கிக் கிடப்பின் கரு மூச்சடைத்து இறந்துவிடும்!

இதற்குப் புறநடையும் உண்டு. நம் நாட்டு ஈரக் காடுகளில் வாழும் சிறு செடித்தவளைகள் பல மண்ணிலே முட்டையிடுகின்றன. வாற்பேய்ப் பருவமின்றி, முட்டையிலிருந்து நேரே தவளைக்குஞ்சு வெளிவருகிறது. எனினும் அம்முட்டைக்குங் காட்டின் ஈரமே ஓடாகும். இலங்கையில் அற்றுப்போனவையெனக் கொள்ளப்படுந் தவளைகள் பெரும்பாலும் இக்குலத்தனவே.

இனித் தோலைப் பார்ப்போம். பல்லியும் பாம்பும் செதிலுடையன. அவற்றின் உடல் நீர் எளிதில் வெளியேறாது. அவை விலா எலும்புகளை அசைத்துச் சுவாசிக்கின்றன. தவளைக்கு அத்தகைய விலா இல்லை. அது வாயின் அடித்தளத்தை உயர்த்திக் காற்றை உள்ளே தள்ளுகிறது. குறையைத் தோல் நிரப்புகிறது. நீரையும் அது தோலாலேயே உறிஞ்சுகிறது. ஒட்சிசனுக்குத் திறந்த அவ்வாயில், வயலிலே தெளிக்குங் கிருமிநாசினிக்கும் திறந்ததே. கைத்திரிட்டு என்னும் பூஞ்சணமும் அத்தோலையே தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடுகிறது.

2022ஆம் ஆண்டு வெளிவந்த உலகக் கணிப்பின்படி, ஊர்வனவற்றுள் நூற்றுக்கு 21 இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன. 2023இல் வெளிவந்த கணிப்பில் ஈரூடகவாழிகளுக்கு இத்தொகை 41. ஓடுள்ள முட்டைக்கும் இப்போது புதியதோர் இடர் நேர்ந்துள்ளது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது; மணல் சூடேறச் சூடேறப் பிறப்பன பெண்களாகவே உள்ளன.