உங்களுக்குத் தெரியுமா? பிறக்கும்போது ஆண், வளர்ந்தபின் தாய்!

பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் கொடுவா மீன், பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்வைத் தொடங்குகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது!

● நன்கு வளர்ந்த ஒரு தாய்க் கொடுவா லட்சக்கணக்கில் முட்டையிடும். பெரிய மீன்களையே குறிவைத்துப் பிடித்தால், நாம் இழப்பது தாய்களை.

● அமெரிக்காவின் வரிக்கொடுவா என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறுகிறது. நம் கொடுவாவோ நேர் எதிர்: ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீர் தேடி முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் போகிறது.

● ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் ஏரியில் நன்னீரைக் கொட்டுகின்றன. மணல் மூடிய முகத்துவாரம் திறந்தால்தான் மீனுக்கு வழி. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியின் மீன்வளமே குன்றிவிடும்.

● இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கொடுவாவின் கண் செந்தணல்போல மின்னும்.

● இந்த ஏரியில் வலை விரிப்பதற்கும் முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்று மீனவர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் அந்த மரபுக்குப் பெயர் ‘பாடு’.