நிறமும் சுவையும்

சேலம் மாநகரின் வடபால் அரண் போல உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலையின்மீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவ்வூரை அடைதல் வேண்டும். கோடை விழா நிகழும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சியைக் கண்டு களித்தோர் ஏரிக்கரையில் வந்து கூடுவர். கூட்டம் கூடும் இடத்தில் தின்பண்டக் கடைகளுக்குக் குறைவு ஏது? பொரியும் வேர்க்கடலையும் மாங்காய்த் துண்டும் வரிசையாக இருக்கும். எனினும், தமிழகத்து விழாக் கூட்டங்களில் எல்லாம் நெடுங்காலமாகக் குழந்தைகளின் கண்ணை முதலில் ஈர்த்து வந்தது நீண்ட கழியில் கட்டித் தூக்கிவரும் இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயே. அதன் மணமும் சுவையும் குழந்தையை எட்டுவதற்கு முன்பே, நிறம் எட்டிவிடுகிறது.

பஞ்சு மிட்டாய் என்பது சர்க்கரையன்றி வேறொன்றும் இல்லை. சுழலும் கலத்தின் நடுவே சர்க்கரையை இட்டுச் சூடேற்றுவர். உருகிய பாகு, கலம் சுழலும் வேகத்தால் நுண்துளைகளின் வழியே வெளியே வீசப்படும். காற்றுப் பட்டவுடன் மயிரினும் மெல்லிய இழைகளாக இறுகும். அவ்விழைகளைக் குச்சியில் சுற்றி எடுத்தால் பஞ்சு மிட்டாய் ஆயிற்று. இதற்கான பொறியை 1897-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கியவர் இருவர். அவருள் ஒருவரான வில்லியம் மாரிசன் என்பார் பல் மருத்துவர்! 1904-ஆம் ஆண்டு செயிண்ட் லூயி நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இம்மிட்டாய் 68,000 பெட்டிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. வெண்சர்க்கரை இழையானாலும் வெண்மையாகவே இருக்கும். இளஞ்சிவப்பு அதன் பிறவி நிறம் அன்று. விற்போர் ஊட்டிய நிறமே.

நிறத்தைக் கொண்டு வாங்குவோரை அழைக்கும் கலையில் பெரிய நிறுவனங்கள் கைதேர்ந்தவை. அமெரிக்காவின் மார்ஸ் நிறுவனத்தார் 'எம் அண்ட் எம்ஸ்' என்னும் மிட்டாயை 1941 முதல் விற்று வருகின்றனர். சாக்லெட்டின்மேல் வண்ணச் சர்க்கரை ஓடு பூசிய சிறு வில்லை அது. இந்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் ஜெம்ஸ் மிட்டாயைப் போன்றது. 1995-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார், வில்லைகளில் புதிதாக எந்நிறத்தைச் சேர்க்கலாம் என்று மக்களிடமே வாக்குக் கேட்டனர். நீலமா, ஊதாவா, இளஞ்சிவப்பா என்று நாடெங்கும் பேச்சாயிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. நீலம் வென்றது, மங்கிய பழுப்பு நிறம் விடைபெற்றது. 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ, நிறங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன என்று பறைசாற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக வில்லைகளை விற்றனர். சில வாரங்களுக்குப் பின் நிறங்கள் மீண்டும் வந்தன. இத்தனை ஆரவாரத்திற்கும் இடையே உள்ளிருந்த சாக்லெட்டு அணுவளவும் மாறவில்லை.

ஆயினும் நிறம் மக்களை அழைப்பது போலவே அச்சுறுத்தவும் கூடும். 1976-ஆம் ஆண்டில் அமராந்த் என்னும் சிவப்புச் சாயத்தை அமெரிக்க அரசு உணவில் சேர்க்கலாகாது என்று தடுத்தது. அச்சாயம் இவ்வில்லைகளில் சேர்க்கப்படவே இல்லை. எனினும் மக்கள் ஐயுறுவர் எனக் கருதிச் சிவப்பு வில்லையையே நிறுவனத்தார் நிறுத்திவிட்டனர். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1987-இல்தான் அது திரும்பி வந்தது.

அமெரிக்கர் தம் மிட்டாயில் இல்லாத சாயத்துக்கு அஞ்சினர். தமிழகத்திலோ, மிட்டாயில் கலந்திருந்த சாயத்தை உண்டவர் பலரும் அறியவில்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பஞ்சு மிட்டாய்களைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்தபோது, ரோடமின்-பி என்னும் சாயம் அவற்றில் இருப்பது தெரியவந்தது. துணிக்கும் தாளுக்கும் நிறமேற்றப் பயன்படுவது அது. புற்றுநோயை விளைக்கக் கூடும் என்று ஐயுறப்படுவது. சிறிதளவே கலந்தாலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பைத் தரும். இந்தியாவில் உணவில் சேர்க்க இசைவளிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றுள் இது இல்லை. முதலில் புதுச்சேரியும், பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடும் இச்சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தன. அடுத்த திங்களில் கர்நாடகமும் அவ்வாறே செய்தது. கழியைத் தோளில் சுமந்து நாள் முழுதும் நடப்பவர் பெருவணிகர் அல்லர். தாம் வாங்கும் பொட்டலத்தில் இருப்பது இன்னதென்று அவருள் பலர் அறியாமலும் இருந்திருக்கலாம். அதனால் குழந்தையின் வயிற்றுக்குள் சென்ற சாயம் நன்மையாகிவிடாது.

நிறத்தைச் சேர்ப்பது ஒரு வகை. நிறத்தை வெளுப்பது மற்றொரு வகை. இதனைக் காண ஏற்காட்டு மலையடிவாரத்திற்கு இறங்கினால் போதும். சேலம் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் மரவள்ளி செழித்து வளர்கிறது. அக்கிழங்கைத் தோல் நீக்கி அரைத்துப் பால் எடுத்து, படிந்த மாவை உருட்டி வறுத்து உலர்த்தினால் ஜவ்வரிசி கிடைக்கும். 2023-ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. வடநாட்டு மக்கள் நோன்பு நாட்களில் இதனை விரும்பி உண்பர். இயல்பான ஜவ்வரிசி சற்றே மங்கிய வெண்மை உடையது. வாங்குவோரின் கண்ணோ முத்துப் போன்ற வெண்மையை நாடுகிறது. ஆகவே ஆலையினர் சிலர் வெளுக்கும் வேதிப்பொருள்களைக் கலந்து பிடிபட்டதும் உண்டு. இதில் இடர்ப்படுபவர் நேர்மையாகத் தொழில் செய்பவரே. கலப்பற்ற சரக்கைக் கொண்டு வந்தவரிடம், நிறம் குறைவென்று விலையைக் குறைத்துக் கேட்டால் அவர் என் செய்வார்?

மீண்டும் மலைமேல் ஏறினால், நிறத்தைக் கொண்டு அழைக்கும் வேறொரு வணிகரைக் காணலாம். அது காப்பிச் செடி. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. காப்பிக் காய் முற்றும் வரை இலையோடு இலையாகப் பச்சை நிறத்தில் ஒளிந்திருக்கும். சதையில் இனிப்பு ஏறிய பின்னரே தோல் சிவக்கும். அச்சிவப்பைக் கண்டு பறவைகளும், மணத்தை மோப்பம் பிடித்து மரநாயும் வந்து, பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் இட்டுச் செல்லும். செடி செய்யும் இவ்விளம்பரத்தில், வெளியே சொல்லப்படுவது உள்ளே இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் நம்பியிருப்பதும் அந்நிறத்தையே. ஒரே கிளையில் காயும் பழமும் கலந்திருக்கும். பச்சைக் காய் கலந்தால் காப்பியின் சுவை கெடும். ஆதலின் சிவந்தவற்றை மட்டும் விரல்களால் தேர்ந்து பறித்து, எஞ்சியவை சிவக்கும் வரை காத்திருந்து மீண்டும் அதே செடிக்கு வருவர். பறித்த பழங்களைப் பொறியில் இட்டால் கொட்டை வேறு, தோல் வேறாகப் பிரியும். கொட்டைகள் களத்தில் உலரும். அவ்வளவு கருத்தாகப் பார்த்துப் பறிக்கப்பட்ட செந்நிறத் தோல் ஒருபுறம் குவிந்து கறுத்து மட்கி, மறு ஆண்டு அச்செடிகளின் அடியிலேயே எருவாக இடப்படும்.