டாக்டரிடம் பொய் சொல்லாதீங்க, சார்!

டாக்டர் மாப்பிள்ளை என்றால் என்ன மவுசு! கார், பங்களா, கை நிறையக் காசு... கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் என் சித்தி பையனைப் பார்த்தால் அந்த ஆசை தெளிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு சித்தி போனில் "சாப்பிட்டியாடா?" என்றால், "மத்தியான சாப்பாட்டைக் கேக்கறியா, ராத்திரி சாப்பாட்டையாம்மா?" என்பான்.

"வேலை கஷ்டமாடா?"

"உண்மையை வரவழைக்கிறதுதான் கஷ்டம்ணே!"

பாம்பு கடித்து வந்தவர் 'ஏதோ முள்ளு' என்பாராம். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் ஆடாமல் வைப்பான். உறையவில்லையா? கண்ணாடி விரியன் மாதிரி விஷம்! ரத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

சாராயத்துக்கு இந்தச் சுலபம் கிடையாது. ஆள் வாயைத் திறந்தால்தான் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியதே, நினைவிருக்கிறதா? மெத்தனால் முதலில் சாதாரண போதை போலத்தான் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற, பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி வரும், கண் மங்கும். 'தூங்கினா சரியாயிடும்' என்று படுத்தால் போச்சு! சீக்கிரம் வந்து உள்ளதைச் சொன்னால் ஃபோமெபிசோல் ஊசி, டயாலிசிஸ் என்று வழி இருக்கிறது.

"நான் கேக்கிறது வழக்குக்கு இல்லண்ணே, வைத்தியத்துக்கு" என்கிறான்.

நான் பி.காம். எங்கள் கணக்கில் விட்டுப்போன என்ட்ரியை மார்ச் 31-க்குள் சேர்த்துவிடலாம். அவன் கணக்கில் அந்த வசதி இல்லை!